ஆற்றுக்கு வடக்கே

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எனக்குக் கழுத்துவலி ஒன்றுதான் குறை. உனக்கு அந்த இருமல் விட்டதா? மாமா முழங்காலுக்குப் பட்டை போட்டுக்கொள்கிறாரா, இல்லை "எனக்கு ஒண்ணுமில்ல" என்று வீம்பு பிடிக்கிறாரா?

போனில் பேசினால் ஏழாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது என்று கண்டுபிடித்தது நீ. போன தடவை சலவை மெஷினின் சத்தத்துக்காகச் சண்டை போட்டோம். யோசித்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. முக்கியமான விஷயம் இனிமேல் கடிதத்தில்தான் என்று நீ போட்ட சட்டப்படி எழுதுகிறேன்.

இங்கே ஆபீஸில் பெரிய ரகளை. நாங்கள் செய்துகொண்டிருக்கும் வீடியோ கேம் திறந்த உலகம். அதாவது ஆடுகிறவன் இஷ்டத்துக்கு எந்தப் பக்கமும் நடக்கலாம், ஊர் ஊராகப் போகலாம். அந்த நிலத்தை வரைகிற வேலை என்னுடையது. எவ்வளவு பெரிய நிலம் என்பதில்தான் தகராறு. எங்கள் குழுத்தலைவர் எதையும் ஏக்கரில்தான் பேசுவார், அதனால் அவருக்கு ஏக்கர் என்றே பேர். அவருக்கு இப்போது இருப்பதைப்போல் நாலு மடங்கு வேண்டும். மரங்கள் செய்யும் பெண் ஒருத்தி இருக்கிறாள், மரக்காரி என்போம். அவள் மட்டும், "சும்மா கெடக்குற நெலத்துல யாரு நடப்பா?" என்கிறாள்.

நான் ஏக்கர் பக்கம். சித்தப்பாவின் கம்ப்யூட்டரில் நாம் ஆடிய குதிரை விளையாட்டைத்தான் சாட்சிக்கு இழுத்தேன். ஆற்றைத் தாண்டினால் வடக்கு எவ்வளவு பெரிது! உப்பு ஊர், ஒன்பது கிணறு, விளக்கு வாடகைக்கு விடுகிற கிழவி. நிலம் பெரிதாக இருந்ததால்தான் இருபத்தாறு வருஷம் கழித்தும் மனசில் நிற்கிறது என்று பேசினேன். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

ஏப்ரல் முடிவதற்குள் அளவை எழுதிக் கொடுக்க வேண்டும். சொதப்பினால் பிழை பார்க்கிற பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே நாள் முழுக்க வேலை என்ன தெரியுமா? விளையாட்டில் இருக்கிற ஒவ்வொரு சுவரிலும் போய் முட்டி, உள்ளே நுழைய முடிகிறதா என்று பார்ப்பது. எனக்கு அது வேண்டாம். உனக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி. ஆற்றிலிருந்து உப்பு ஊருக்குப் போக நமக்கு எவ்வளவு நேரம் ஆகும்? யோசித்து எழுது.

உன் தம்பி


ஜனவரி 27

அன்புள்ள குட்டிக்கு,

இருமல் போய்விட்டது. உன் மாமா பட்டை போட்டுக்கொள்கிறார், ஆனால் பேன்ட்டுக்கு மேலே. கழுத்துவலிக்கு நாற்காலியை மாற்று என்று போன வருஷமே சொன்னேன். என் பேச்சை என்றைக்குக் கேட்டாய்?

நிலம் பெரிதா சிறிதா என்று என்னைக் கேட்டால் நான் பஸ் கணக்கில்தான் பேசுவேன். பதினாலு வருஷமாக டிப்போவில் அட்டவணை போடுகிறேன். எட்டு கிலோமீட்டர் தடத்தில் பதினாறு நிறுத்தம் வைத்தால், ஏறினவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வருவார்கள், நடுவில் என்னென்ன கடை என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். எண்பது கிலோமீட்டருக்கு நிறுத்தமே இல்லாத பஸ்ஸில் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். எங்கே போனோம் என்று கேட்டால் முழிப்பார்கள். அந்த மரக்காரி சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது. அதற்காகக் கோபித்துக்கொள்ளாதே.

குதிரை விளையாட்டு ஞாபகம் இருக்கிறது. மணிக்கூண்டு இருந்த முதல் ஊர், "இன்னிக்குக் காத்து ஜாஸ்தி" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லும் காவல்காரன். யார் ஆடுவது என்று நாம் முறை வைத்துக்கொண்டு, அந்த முறைக்காகவே அடித்துக்கொண்டது. ஜன்னல் ஓரத்து மேஜை, சித்தப்பா போர்த்தி வைத்திருந்த பூப்போட்ட துணி. அந்தத் துணியின் வாசனைகூட ஞாபகம் வருகிறது. மற்றதெல்லாம் மறந்துவிட்டது, நாள் ஆகிவிட்டதல்லவா. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

கழுத்து பரவாயில்லை. நாற்காலியை மாற்றிவிட்டேன், சந்தோஷமா?

உனக்கா மறந்துவிட்டது? மூணாம் வகுப்பில் உன் பென்சிலைத் தொலைத்த பெண்ணின் வீட்டு நம்பரே உனக்குத் தெரியும்! சரி, நான் எடுத்துக் கொடுக்கிறேன். நான் பாத்ரூமில் வழுக்கி விழுந்து, பிளீச்சிங் தண்ணீர் கண்ணில் பட்டு, ரெண்டு கண்ணிலும் கட்டோடு கிடந்தேனே, அந்த அஞ்சு வாரம்தான். எனக்குப் பதிலாக நீ ஆடினாய், திரையில் தெரிவதையெல்லாம் எனக்குச் சொன்னாய். "ஆத்தைத் தாண்டிட்டோம்டா, வலமா போகட்டுமா, இடமா போகட்டுமா?" என்பாய். நான் படுத்தபடியே சொல்வேன். நீ பட்டனைத் தட்டும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. உப்பு ஊரில் நடந்தால் காலடியில் நறநறவென்னும் என்றாய். மழை வந்தபோது, "குதிரையோட காதுல தண்ணி போயிடுச்சு, தலையை ஆட்டுது" என்றாய். கட்டு போட்டிருந்தேன் என்பதே பல சமயம் மறந்துவிடும். கண்ணால் பார்த்த மாதிரிதான் எல்லாம் இருக்கிறது.

இன்னொரு சந்தோஷமான சேதி. பழைய விளையாட்டுகளைச் சேர்த்து வைக்கிற ஒருவரிடம் அது கிடைத்துவிட்டது. இருபத்திமூன்றாம் தேதி ஆபீஸில் பெரிய திரையில் ஓடவிட்டு, எல்லோரையும் வடக்கே கூட்டிப்போகப் போகிறேன். ஏக்கர் தன் மேலதிகாரியையும் அழைத்திருக்கிறார். நீ பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும்.

உன் தம்பி


பிப்ரவரி 17

குட்டிக்கு,

நானும் மாமாவும் சுகம். அதை எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டாதே. பழைய விளையாட்டெல்லாம் இப்போது பார்த்தால் அசிங்கமாக இருக்கும், சிரிப்பார்கள். முதலில் நீ மட்டும் தனியாகப் பார். சொல்வதைக் கேள்.

அக்கா


பிப்ரவரி 24

அக்கா,

உன் கடிதம் இன்று வந்தது. நேற்று வந்திருந்தால் மானம் மிஞ்சியிருக்கும்.

பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மணிக்கூண்டு இருந்தது, காவல்காரன் இருந்தான், காற்று ஜாஸ்தி என்றான். நானும் கூடவே சேர்ந்து சொன்னேன். குதிரையை ஆற்றுக்கு ஓட்டினேன். பாலம் இல்லை. கரையோரமாகவே ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைவரை போனேன். அக்கரையில் பச்சையாக ஒரு பூச்சு, அவ்வளவுதான். குதிரை ஒன்றுமில்லாத இடத்தில் முட்டிக்கொண்டு அங்கேயே நின்று கால் உதறியது. மரக்காரி கடிகாரம் வைத்துப் பார்த்தாள். அந்த உலகத்தை மொத்தமாகக் குறுக்கே கடக்க ஒன்பது நிமிடம்.

யாரோ, "வடக்கு லீவுல போயிருக்கு" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். மரக்காரி மட்டும் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. ஏக்கர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இல்லாத ஊரை வெச்சு இத்தனை நாள் பேசினீங்களா தம்பி?" என்றார். பிழை பார்க்கும் பிரிவில் ஒரு இடம் காலியாம், அதையும் சொல்லிவைத்தார்.

வேலை போனால் போகட்டும். எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறதா என்று பயமாக இருக்கிறது அக்கா. நான் பார்த்த ஊர் எங்கே? காட்டாதே என்று எழுதினாய். அப்படியென்றால் உனக்கு ஏதோ தெரியும். மழுப்பாமல் சொல்.

தம்பி


மார்ச் 20

அக்கா,

நான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று உன்னிடமிருந்து தெரியவில்லை. மாமாவைக் கூப்பிட்டேன். "அவ நல்லாத்தான் இருக்கா, டிப்போல வேலை ஜாஸ்தி" என்றார். குரலில் யாரோ பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்த தினுசு. சண்டை போடவாவது போனை எடு.

தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள குட்டிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மாமாவுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தது நான்தான். பழைய அட்டவணைத் தாளின் பின்பக்கம் எழுதுகிறேன், நல்ல தாளை எடுத்தால் கை ஓட மாட்டேன் என்கிறது.

உனக்குப் பைத்தியம் இல்லை. வடக்கு இல்லை, அவ்வளவுதான். அந்த விளையாட்டு ஆற்றோடு முடிந்துவிடும். உப்பு ஊர், கிணறு, விளக்குக் கிழவி எல்லாம் நான் இட்டுக்கட்டியது.

உனக்குக் கட்டு போட்ட மூன்றாம் நாள் சித்தப்பாவுக்கு வேலை மாற்றலாகி, கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கீபோர்டில் ஒரு பட்டன் ஒட்டிக்கொள்ளும் என்று அதை மட்டும் விட்டுப்போனார். அன்று சாயங்காலம் நீ, "அக்கா, இப்ப புதுக் குதிரை எங்க இருக்கு?" என்று கேட்டாய். கம்ப்யூட்டரே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தேன். ஆற்றுக்கு இந்தப் பக்கத்து ஊர்களெல்லாம் உனக்குத் தெரியும், கொஞ்சம் தப்பாகச் சொன்னால் பிடித்துவிடுவாய். அதனால் நாம் பார்க்காத ஒரு பாலம் இருக்கிறது என்று சொல்லி ஆற்றைத் தாண்டிவிட்டேன். அங்கே நான் சொல்வதுதான் ஊர். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். நீ சிரித்தால் அந்தப் பக்கமே போனேன், உதட்டைப் பிதுக்கினால் குதிரையைத் திருப்பினேன். கட்டு அவிழ்த்தபின், போன வாரம்தான் சித்தப்பா வந்து எடுத்துப்போனார் என்று அம்மாவைவிட்டு உன்னிடம் சொல்லச் சொன்னேன்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு மாதமாக என்னையே ஏமாற்றிப் பார்த்தேன். முடியவில்லை.

நீ வழுக்கி விழவில்லை குட்டி. அதாவது, விழுந்தாய், ஆனால் அது பிறகு. அன்று என் முறை. நான் பாத்ரூம் கழுவிவிட்டு வந்து ஆடலாம் என்று இருந்தேன். நீ அதற்குள் ஆடி, மூணு வாரமாக நான் வளர்த்த குதிரையை ஆற்றில் மூழ்கடித்துவிட்டு, வாசலில் வந்து நின்று, "உன் குதிரை செத்துப்போச்சே" என்று பாட்டாகப் பாடினாய். கையில் மக் இருந்தது. அதில் என்ன கரைத்திருக்கிறது என்று நினைக்கவே இல்லை. உன் மூஞ்சியில் வீசிவிட்டேன். நீ கத்திக்கொண்டு ஓடும்போதுதான் வழுக்கியது. அம்மா ஓடிவந்து, "எப்படிடா விழுந்தே?" என்று உன்னைத்தான் கேட்டாள். நான் பேசாமல் நின்றேன். எல்லோரும் விழுந்தான் விழுந்தான் என்று சொல்லிச் சொல்லி, நீயும் அப்படியே நம்பிவிட்டாய். அம்மா போகும்வரை அவளிடமும் சொல்லவில்லை. மாமாவிடம் போன மாதம்தான் சொன்னேன்.

உன் வலக்கண் இன்னும் வெயிலில் கூசுகிறதா? ஒவ்வொரு தடவையும் இதைக் கேட்க நினைத்து, இருமலைப் பற்றி எழுதிவிடுவேன். உன் வேலையையும் நான் கெடுத்துவிட்டேன். என்ன திட்ட வேண்டுமோ திட்டி எழுது.

அக்கா


மே 5

குட்டிக்கு,

பதில் வேண்டாம். சுகமாக இருக்கிறாய் என்று ஒரு வரி போதும். மாமாவும் கேட்கிறார்.

அக்கா


மே 26

அக்காவுக்கு,

சுகமாகத்தான் இருக்கிறேன். கண் வெயிலில் கூசத்தான் செய்கிறது, தொப்பி போட்டுக்கொள்கிறேன். மாமாவிடம் சொல்.

ஏழு வாரம் எழுதாமல் இருந்தது வேலையால் இல்லை, கோபத்தால். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகம் பார்க்கிற கண்ணாடி முன்னால் நின்றேன். என் முகமே எனக்குக் கலங்கலாகத் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் அத்தனை பேரும் என்னைச் சோடாபுட்டி என்றார்கள், சித்தப்பாகூடச் சொல்வார். நீ ஒருத்திதான் ஒரு தடவையும் சொன்னதில்லை. அது பாசம் என்று நினைத்திருந்தேன். அதை நினைத்தபோது உன் மேல் வந்த ஆத்திரத்தில் உன் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவி வைத்தேன். பாசமும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

ஒன்று சொன்னால் சிரிப்பாய். மக் தண்ணீரை நீ வீசியதற்காக வந்த கோபம் நாலைந்து நாளில் இறங்கிவிட்டது. குதிரையைச் சாகடித்துவிட்டுப் பாட்டு வேறு பாடியிருக்கிறேன், என் மேலும் தப்பு இருக்கிறது. வடக்கு இல்லை என்றாயே, அந்தக் கோபம்தான் இறங்கவே இல்லை. யாராவது நீ பிறந்த வீடே கிடையாது என்று சொன்னால் எப்படி இருக்கும்? எனக்கு வேறு எந்த ஊரும் அவ்வளவு ஆசையாக ஞாபகம் இல்லை அக்கா.

ஏப்ரல் கடைசியில் அளவு கொடுக்க வேண்டியிருந்தது. எப்படியும் பிழைப் பிரிவுதான் என்று விட்டுவிட்டு, நீ சொன்னதை மட்டும் வரைந்தேன். வரைந்து முடித்தால் ரெண்டு தெருவுக்கு மேல் தேறவில்லை. அவ்வளவு பெரிய நாடு என்று நான் எல்லோரிடமும் அளந்தது ரெண்டே தெரு! ஏக்கர் பார்த்துவிட்டு, "இதை நம்ம வண்டி நிறுத்துற எடத்துலயே வெச்சிடலாமே" என்றார். மரக்காரிதான் விடவில்லை. ஒரே வாரத்தில் அதை நடக்கிற மாதிரி செய்து, அவரைப் பிடித்து உட்காரவைத்தாள். காலை பத்தரைக்கு உட்கார்ந்தவர் சாப்பாட்டு நேரம்வரை உப்பு ஊரையே தாண்டவில்லை. கிணறு ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கிறார். எட்டு எண்ணிவிட்டு ஒன்பதாவதைத் தேடித் திரும்ப வருகிறார். விளக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டுக் கிழவியிடம் திருப்பித் தர மறந்துவிட்டோமே என்று பதறுகிறார். எழுந்து, "சரி, இதுமாதிரி இன்னும் நாலு இடம் பண்ணுங்க, போதும்" என்றார். நாலு மடங்குப் பேச்சு அதோடு போயிற்று. விளம்பரத்துக்குப் பெரிய எண் ஏதாவது கிடைக்குமா என்று இன்னும் முனகிக்கொண்டிருக்கிறார். நான் சுவரில் முட்டப் போகவில்லை.

ஒரே ஒரு இடம் மட்டும் வரைய முடியாமல் நிற்கிறது. வடக்குக் கோடியில் ஒரு குன்று, அதன் மேல் தனியாக ஒரு வீடு. தினமும், "நாளைக்கு அங்க போயிடலாம்" என்பாய். போவதற்குள் எனக்குக் கட்டு அவிழ்த்துவிட்டார்கள். பிறகு நீ அந்தப் பேச்சே எடுக்கவில்லை. அந்த வீட்டுக்குள் என்ன வைத்திருந்தாய்?

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் நான் பெரிய மனுஷன் மாதிரி இருக்கும். கொஞ்சம் கோபம் பாக்கி இருக்கிறது. அதுபாட்டுக்கு இருக்கட்டும். நீ ஒரு தடவை இங்கே வா. உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

உன் தம்பி


ஜூன் 8

அன்புள்ள குட்டிக்கு,

தொப்பி போடுகிறாய் என்று படித்ததும் மாமா, "நல்ல அகலமான தொப்பியா வாங்கச் சொல்லு" என்கிறார். சொல்லிவிட்டேன். உன் கடிதம் வந்த அன்று டிப்போவில் ஏழாம் நம்பர் பஸ்ஸை ரெண்டு தடத்தில் ஒரே நேரத்துக்குப் போட்டுவிட்டேன். டிரைவர், "அம்மா, நான் ஒருத்தன்தான் இருக்கேன்" என்றார்.

வடக்கை நீ வரைந்துவிட்டாய். நான் அதைப் பார்த்ததே இல்லை தெரியுமா? நான் பார்த்துக்கொண்டிருந்தது உன் கண்கட்டை மட்டும்தான். எல்லாம் நீ பார்த்தது.

அந்தக் குன்று வீட்டைக் கேட்டாய். அதைத்தான் நான் முதலில் வைத்தேன். ஆற்றைத் தாண்டின முதல் நாளே, தூரத்தில் ஒரு வீடு தெரிகிறது என்று சொன்னேன், உனக்கு ஞாபகம் இருக்காது. கதவைத் திறந்தால் உள்ளே ஒரு பொண்ணு உட்கார்ந்திருப்பாள். நீ ஒன்றும் கேட்காமலே அவள், "உன் கண்ணுல தண்ணி ஊத்தினது நான்தாண்டா, தெரியாம பண்ணிட்டேன்" என்று சொல்லுவாள். என் வாயால் சொல்ல முடியாததை அவளைவிட்டுச் சொல்லவைக்கலாம் என்று வைத்திருந்தேன். பன்னிரண்டு வயசுப் புத்தி.

தினமும் இன்றைக்குப் போய்விடலாம் என்றுதான் கீபோர்டை மடியில் வைப்பேன். வீடு கிட்டத்தில் வரும். உடனே நடுவில் ஒரு ஊரை வைத்துவிடுவேன். உப்பு ஊர் அப்படி வந்ததுதான். அதையும் தாண்டினால் ஒரு கிணறு, போதாவிட்டால் இன்னொரு கிணறு. ஒன்பது கிணறு ஏன் என்று நினைத்தாய்? ஒன்பது நாள் எனக்குத் தைரியம் வரவில்லை. மழை பெய்தது, விளக்குக் கிழவி வந்தாள், குதிரை நொண்டியது. உனக்கு அது பெரிய நாடாக இருந்திருக்கிறது. நான் அந்தக் கதவுக்குப் போகாமல் சுற்றிக்கொண்டே இருந்தேன், அவ்வளவுதான்.

கட்டு அவிழ்த்ததும் நீ முதலில் என் முகத்தைத்தான் பார்த்தாய். "அக்கா, உன் மூக்கு ஏன் செவந்திருக்கு?" என்று கேட்டாய். அதற்கப்புறம் என்னால் முடியவில்லை.

நீ அந்த வீட்டை வரைய வேண்டாம். அவள் சொல்ல வேண்டியதை நானே வந்து உன் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். மூன்று நாள் லீவு போட்டிருக்கிறேன். பதினெட்டாம் தேதி காலை ஆறு மணிக்கு உன் ஊருக்கு ஒரு பஸ் இருக்கிறது. நடுவில் எங்கேயும் நிற்காது. அதில் வருகிறேன்.

அக்கா